பாத்ரூமுக்குள் ஒரு கிணற்றடி, ஒரு முகப்பு: பழைய வீட்டுக் களையோடு குளியலறை அமைக்க முழு வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு மதியம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு பெல்ஜியம் கண்ணாடி, இரண்டு எனாமல் பேசின், ஒரு பித்தளை உருளி, யாரோ வீட்டு வாசல் நிலையிலிருந்து அறுத்த தேக்குக் கட்டை ஒன்று, எல்லாவற்றையும் கார் டிக்கியில் அடைத்துக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன். ஆத்தங்குடியில் அந்த ஊர்ப் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லுக்கும் சொல்லியாயிற்று. பாத்ரூம் முழுக்க, ஷவருக்கு அடியிலும்கூட, அந்தக் கல்லையே போட்டேன். ஆறே மாதத்தில் ஷவருக்குக் கீழே இருந்த பச்சையும் மஞ்சளும் சோப்புத் தண்ணி பட்டு வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டன. மாமியார் ஒருநாள் வழுக்கி, நல்லவேளையாகக் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

உடைத்து மறுபடி போட வந்த கொத்தனார் அண்ணன் சொன்னதுதான் இந்த வழிகாட்டிக்கே அடிப்படை. "யக்கா, ஆத்தங்குடிக் கல்லு மேல ஒக்காந்து யாரு குளிச்சா? அது மொகப்புல, வளவுல போடுறது. குளிக்கிறது கெணத்தடியிலதான்."

யோசித்தால் அவ்வளவுதான் விஷயம். அந்தச் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு என்பது வாசல் பக்கத்து முன்கூடம், வளவு என்பது உள்முற்றத்தைச் சுற்றிய இடம்; குளிக்கிற இடம் கொல்லைப்பக்கக் கிணற்றடி. சொரசொரப்பான கருங்கல், மேலே வானம். தண்ணீர் ஊற்றி முடித்த ஒரு மணி நேரத்தில் வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடும். நாம் ஐந்துக்கு எட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்ன வெண்டிலேட்டரை வைத்துவிட்டு, முகப்பில் இருந்த பொருளையெல்லாம் அதற்குள் கொண்டுவந்து நனைக்கிறோம். ஆகவே இரண்டாம் முறை பாத்ரூமை இரண்டாகப் பிரித்தேன்: தண்ணீர் விழுகிற பக்கம் கிணற்றடி, விழாத பக்கம் முகப்பு. அப்படிச் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சாக்பீஸ் கோடு

என் அறை 8 அடி நீளம், 5 அடி அகலம். கதவு ஒரு குறுகிய சுவரில். உள்ளே நுழைந்தால் பேசின், அடுத்து கம்மோடு, கடைசியில் ஷவர். கடைசிச் சுவரிலிருந்து 3 அடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் 5-க்கு 3 ஈரம். இந்தப் பக்கம் 5-க்கு 5 காய்ந்த இடம். கோட்டின் மேல் ஒரு கருங்கல் பட்டை வரும். காய்ந்த தளம் ஈரத் தளத்தைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக இருக்கும்.

உங்கள் வீட்டில் ஷவர் நட்டநடுவில் இருந்தால் முதல் செலவு அதை நகர்த்துவதுதான். அதைச் செய்ய மனமில்லையென்றால் ஆத்தங்குடிக் கல்லைத் தரையில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். சுவரிலும் மரத்திலும் விளக்கிலும் பழைய களையைக் கொண்டுவரலாம், அதுவே போதும்.

பொருளை வாங்கிவிட்டுப் பைப்பைத் தொடுங்கள்

புதுப் பொருளுக்கு அளவு அட்டையிலேயே இருக்கும். பழைய பொருளுக்கு அது இருக்கிறபடிதான் அளவு. உருளியின் ஆழம் தெரியாமல் குழாய் உயரத்தை முடிவு செய்ய முடியாது, கண்ணாடியின் அகலம் தெரியாமல் விளக்குப் பாயின்ட் வைக்க முடியாது. பிளம்பர் வருவதற்கு முன்பே பெரிய சாமான்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம், ஒரு பேனாக்கத்தி, ஓர் இஞ்ச் டேப். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். மரத்தை அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை லேசில் இறங்காது. பொசுக்கென்று இறங்கினாலோ மாவு கொட்டினாலோ கரையான் சாப்பிட்டு முடித்த மரம். கண்ணாடியில் ரசம் போன கரும்புள்ளிகள் ஓரத்தில் இருந்தால் அழகு, முகம் பார்க்கிற இடத்தில் இருந்தால் தினமும் எரிச்சல்.

ஒரு பெரிய பொருள் போதும். உருளி பேசினோ, கண்ணாடியோ, கதவோ, கண் முதலில் போய் நிற்க ஒன்று. மூன்று நான்கு பெரிய சாமான்களை ஐந்தடி அறைக்குள் வைத்தால் அந்தக் கடைக்குள்ளேயே குளிப்பது போலிருக்கும்.

வெந்நீர் பாய்லர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நடுவில் புகைக்குழாய் வைத்த அந்தச் செம்பு பாய்லர் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் மூடிய பாத்ரூமுக்குள் கரியோ விறகோ போட்டுப் பற்றவைக்கவே கூடாது. வாசனை இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். துண்டு போடும் கூடையாகவோ செடித்தொட்டியாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

பைப், கரண்ட்

குழாய்களில் எனக்குப் பிடித்தது சுவருக்கு வெளியே ஓடும் செம்புக் குழாய். பழைய ஆஸ்டல் பாத்ரூம் நினைவு வரும், கசிந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. இப்போதைய பிளம்பர்களில் பலர் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஒட்டுவதோடு சரி, செம்பு பற்றவைக்க ஒரு ஏ.சி. மெக்கானிக்கைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பழைய பித்தளைக் குழாய் வாங்கினால் மரை தேயவில்லையா என்று பார்த்து, உள்ளே இருக்கும் தோல் வாஷரைக் கழற்றி ரப்பர் வாஷர் போட்டுவிட்டால் சொட்டாது.

கரண்ட் விஷயத்தில் மட்டும் பழசு வேண்டாம். மரப்பலகையில் கறுப்புக் குமிழ் சுவிட்ச் வைத்த பழைய போர்டு கொள்ளை அழகு. அதைக் கதவுக்கு வெளியே, கரண்ட் கொடுக்காமல், அலங்காரமாக மாட்டுங்கள். பாத்ரூம் லைனுக்குக் கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த், கீசருக்கு லோடு கூடினால் அணைந்துவிடும் தனி எம்.சி.பி. இவை மூன்றும் இல்லாமல் ஒரு விளக்குகூட மாட்டாதீர்கள்.

வாட்டர்ப்ரூஃபிங்: போட்டோவில் தெரியாத வேலை

பழைய டைல்ஸை உடைத்ததும் மூலைகளையும் பைப் வெளியே வரும் இடங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் நீளவாக்கில், காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்குவாக்கில். மூலைகளில் ஃபைபர் வலை. காய்ந்த பக்கச் சுவரில் ஓரடி உயரம் ஏற்றினால் போதும், ஷவர் பக்கத்தில் 7 அடி வரை.

பிறகு தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டம் எங்கே என்று பென்சிலால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுச் சீலிங்கையும் போய்ப் பாருங்கள். மேஸ்திரி "ஒரு ராத்திரி போதும்" என்பார். இரண்டு ராத்திரி விடுங்கள்.

ஈரப்பக்கம்: கிணற்றடி

தரைக்குச் சொரசொரப்பான கருங்கல். பாலிஷ் போடாத, தீயில் வாட்டிய முகம் உள்ள கிரானைட் பலகை என்று கேட்டால் கல் கடையில் புரியும். கடப்பாக் கல்லும் போடலாம், பாலிஷ் இல்லாமல். ஆனால் அது சுண்ணாம்புக்கல், எலுமிச்சையோ ஆசிட்டோ பட்டால் தடம் விழும். வாட்டம் முக்கியம்: 80-க்கு 1 என்று கணக்கு. அதாவது 5 அடி தூரத்தில் முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். கல் ஒட்டியதும், கலவை இறுகும் முன், ஒரு செம்புத் தண்ணீரை எதிர் மூலையில் ஊற்றிப் பாருங்கள். டிராப்பை நோக்கி ஓடாமல் நின்றால் அப்போதே கல்லைத் தூக்கிச் சரிசெய்யச் சொல்லலாம். மறுநாள் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

மூலையில் ஒரு துவைக்கிற கல் வைத்தேன். தெருவில் ஒரு வீட்டை இடித்தபோது ஓரமாகக் கிடந்தது. கீழே செங்கல் கட்டி 16 அங்குல உயரத்தில் உட்கார வைத்ததும் அதுவே குளிக்கிற பெஞ்சு. வழுக்கி விழப்பார்த்த மாமியார் இப்போது அதில் உட்கார்ந்துதான் தலைக்கு ஊற்றிக்கொள்கிறார். பக்கெட் குழாயை 24 அங்குல உயரத்தில் வைத்தால் கல்லில் உட்கார்ந்தபடியே எட்டும்.

சுவருக்கு 6 அங்குல வெள்ளை வழவழப்பு டைல்ஸ். பழைய ஆஸ்பத்திரிச் சுவர், மிலிட்டரி ஓட்டல் கைகழுவுமிடம் இரண்டிலும் பார்த்திருப்பீர்கள். இப்போது இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். நல்லதுதான், விலை ஏறவில்லை. இடுக்குகளுக்கு வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறக் கிரவுட் போட்டால் அழுக்கும் தெரியாது, வயசும் கூடித் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிலிருந்து வந்த புடைப்புப் பூ டைல்ஸ் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை: இடிப்பு வீட்டிலிருந்து அது ஏழெட்டு கிடைத்தால், கண் மட்டத்தில் ஒரே ஒரு வரிசை. அதற்குமேல் வேண்டாம்.

காய்ந்த பக்கம்: ஆத்தங்குடி

இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஆக்ஸைடு நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, பின்னால் சிமெண்டும் மணலும் அடைத்து அழுத்துகிறார்கள். சில நாள் தண்ணீரில் ஊறிக் காய்ந்த பின் கண்ணாடி தானே விட்டுவிடும். மேல் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. தண்ணீரையும் சோப்பையும் குடித்துக்கொள்கிற சிமெண்ட் இது என்பது புரிந்துவிட்டால், ஷவருக்கு அடியில் என் பச்சை ஏன் வெளுத்தது என்பதும் புரிந்துவிடும்.

என் 5-க்கு 5 இடத்துக்கு 10 அங்குலக் கல், வரிசைக்கு 6, மொத்தம் 36. வாங்கியது 40. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நிறம் கொஞ்சம் மாறும், பிறகு போய் நான்கு கல் கேட்டால் அதே பச்சை வராது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்து, தரையில் காய விரித்து, நிறம் கூடியது குறைந்தது எல்லாம் கலந்து வருமாறு அடுக்கிப் பாருங்கள்.

போடும்போது மூன்று விஷயம். பின்பக்கத்தை லேசாக நனைத்து, சிமெண்ட் கலவை மேல் வைத்துக் கையால் அழுத்த வேண்டும். மர உளிப்பிடியால் டமால் என்று தட்டினால் கல் விரியும். இடைவெளி விடாமல் கல்லோடு கல் சேர்த்து, இடுக்கில் வெள்ளை சிமெண்ட். முகத்தில் சிந்திய சிமெண்டை அந்த நொடியே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், காய்ந்தால் கறை. தளம் நன்றாகக் காய்ந்து, ஈரத்தடம் மறைந்த பிறகு தண்ணீர் புகாமல் காக்கும் சீலர், உள்ளிறங்கும் வகை, இரண்டு கோட். மேலே பிளாஸ்டிக் படலம் போல நிற்கும் சீலர் வேண்டாம், அது உரியும். கம்மோடு பக்கம் கைக்குழாய்த் தண்ணீர் தெறிக்கும் என்பதால் அங்கே மூன்றாவது கோட். வாட்டம் இங்கேயும் வேண்டும், கருங்கல் பட்டையை நோக்கி லேசாக.

கல்லுக்குச் செலவு செய்ய முடியாதென்றால் சிவப்பு ஆக்ஸைடு. எங்கள் பாட்டி வீட்டுத் தரை அதுதான், இன்னமும் முகம் தெரிகிறது. கீழே 1-க்கு 3 சிமெண்ட் மணல் கலவை. அது முழுக்க இறுகும் முன்பே மேலே நிறக் கலவையைப் பரப்பி இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து இழைக்க வேண்டும். ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்டுக்கு ஆக்ஸைடு 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கூடினால் தளம் பலம் இழக்கும். அறைக்குத் தேவையான முழுக் கலவையையும் காய்ந்த நிலையிலேயே ஒரே முறை கலந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலை செங்கல், ஒரு மூலை பீட்ரூட். மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். முடி போன்ற கீறல் வரத்தான் செய்யும். அது பிடிக்காதவர்கள் மூன்றடிக்கு ஒரு பித்தளைப் பட்டை வைத்துத் தளத்தைப் பிரித்துக்கொள்ளலாம். இதைப் போடத் தெரிந்த கை இப்போது குறைவு, ஆளின் பழைய வேலை ஒன்றை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சுவர்

காய்ந்த பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். செட்டிநாட்டு வீடுகளின் முட்டை வெள்ளைப் பூச்சு கண்ணாடிபோல் மின்னும்தான், ஆனால் அதற்குக் கை தேர்ந்த ஆளும் பொறுமையும் பணமும் வேண்டும். சாதாரணச் சுண்ணாம்பு அப்படியில்லை. கல் சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டுத் தாளித்து, சில நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, பழுப்பு தட்டாமலிருக்கச் சொட்டு நீலம் கொஞ்சம் சேர்த்து, மூன்று முறை மெல்லிசாக அடிக்க வேண்டும். தாளிக்கும்போது கொதிக்கும், தெறிக்கும்; கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். முன்பு எமல்ஷன் அடித்திருந்தால் சுரண்டி எடுத்தாக வேண்டும், அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் ஏறுவதில்லை, சுவரும் மூச்சு விடுகிறது. கையில் வெள்ளை ஒட்டுமே என்பார்கள். ஒட்டும். சாயும் உயரத்துக்கு, 4 அடி வரை, அதே வெள்ளை டைல்ஸைத் தொடர்ந்தேன்.

வெண்டிலேட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுட்ட மண் ஜாலி வைத்தோம், கீழே 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். மொத்த வேலையிலும் காசுக்கு மிஞ்சிய பலன் கொடுத்தது இதுதான். காலையில் ஜாலி நிழல் துவைக்கிற கல்லில் விழும்.

பேசின்: எனாமல் போய் உருளி வந்த கதை

நீலக் கரை போட்ட எனாமல் பேசினைத்தான் முதலில் வைக்க நினைத்தேன். அடியில் ஓட்டை போட டிரில்லை வைத்ததும் டிக் டிக்கென்று சத்தம். எனாமல் சில்லு சில்லாகத் தெறித்து, ஒரு ரூபாய் அளவு ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு இரும்பு வெளியே வந்துவிட்டது. அடுத்த மாதமே துரு. எனாமலில் துளை போடாதீர்கள். மற்றொரு பேசின் இப்போது அலமாரியில் சோப்பும் சீப்பும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

உருளிக்குத் துளை போட்டது ஒரு பாத்திரப் பட்டறையில். சாதாரண வேஸ்ட் கப்ளிங் 32 மில்லிமீட்டர். கப்ளிங்கையே கையில் கொண்டுபோய்க் கொடுத்து அளந்து போடச் சொல்லுங்கள். உருளிக்கு நிரம்பி வழியும் துளை கிடையாது, ஆகவே அடைப்பான் மூடி வைக்க வேண்டாம். உயரக் கணக்கு: பேசின் விளிம்பு தரையிலிருந்து 33 அங்குலம் இருந்தால் வசதி. என் உருளி 6 அங்குலம் ஆழம், ஆகவே கீழே தாங்கும் பலகை 27 அங்குலத்தில். பலரும் பலகையையே 33-இல் வைத்துவிட்டு, முழங்கை வழியத் தண்ணீர் ஒழுகக் கைகழுவுகிறார்கள்.

பலகை அந்த நிலைக்கட்டையை இரண்டாகப் பிளந்து செய்தது. அறுப்பதற்கு முன் ஆசாரி அரை மணி நேரம் பழைய ஆணிகளைத் தேடித்தேடிப் பிடுங்கினார். ஒன்றை விட்டாலும் ரம்பப் பல் போய்விடும். ஆறு பக்கமும், முக்கியமாகக் குறுக்கே அறுத்த முனையிலும், பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்க வேண்டும். தண்ணீர் குடிப்பது அந்த முனை வழியாகத்தான்.

கதவும் பழைய தேக்கு என்றால் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு, உட்பக்கம் கீழிருந்து 8 அங்குல உயரத்துக்குப் பித்தளைத் தகடு அடியுங்கள்.

கண்ணாடி, விளக்கு

பெல்ஜியம் கண்ணாடியின் பின்புறம் ஈரம் போனால் ரசம் மேலும் போகும். பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, ஓரங்களுக்குப் பெயின்ட் கொடுத்து, புதுப் பலகை வைத்து மூடினோம். சுவரோடு ஒட்டாமல் நான்கு மூலையிலும் கார்க் துண்டு, காற்று போகட்டும்.

விளக்குக்குக் கம்பிக்கூடு போட்ட கப்பல் விளக்கு வகை நன்றாகப் பொருந்தும். தண்ணீர் புகாத தன்மையைச் சொல்லும் எண் பேசின் பக்கம் ஐ.பி. 44, ஷவர் பக்கம் ஐ.பி. 65 என்று பெட்டியில் இருக்க வேண்டும். பல்பு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி.; வெள்ளை டியூப் லைட் வெளிச்சத்தில் சுண்ணாம்பும் பித்தளையும் செத்துப்போன மாதிரி தெரியும்.

பிறகு தினமும்

எங்கள் பகுதியில் உப்புத் தண்ணி. உருளியைப் பயன்படுத்தியதும் ஒரு துணியால் துடைத்துவிட்டால் வெள்ளைப் புள்ளி விழாது. வாரம் ஒருநாள் புளி போட்டுத் தேய்த்து உடனே கழுவித் துடைப்பது. புளித் தண்ணீர் ஆத்தங்குடிக் கல்லில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்தால் அதை 'பழைய லுக்' என்று விட்டுவைக்காதீர்கள், அதில் வாய் கொப்பளிக்கிறோம். ஆக்ஸைடு தரைக்கும் ஆத்தங்குடிக்கும் மாதம் ஒருமுறை துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் நின்றால் அடுத்த வழுக்கல் உங்களுடையது.

ஆசிட் மட்டும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. ஆத்தங்குடி, ஆக்ஸைடு, கடப்பா, சுண்ணாம்பு நான்கையும் அது தின்னும். நான் ஊரில் இல்லாத ஒரு நாள், உதவிக்கு வரும் அக்கா பாசமாக ஒரு பாட்டில் வாங்கிவந்து, கதவுப் பக்கத்து முதல் கல்லில் ஊற்றித் தேய்த்துவிட்டார். "நல்லா வெள்ளையாயிருச்சுல்ல?" என்று வேறு கேட்டார். எடுத்து வைத்த நாலு உபரிக் கல்லில் ஒன்று அப்போது போனது. இன்னும் மூன்று பரணில் இருக்கின்றன.